எடுத்த உரிமையும் எழுதிவைத்த குறிப்பும்: எண்ணிம வரைபடக் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் எண்ணிம வரைபடங்களும் தரவுக் காட்சிகளும் உருவாக்கும் வடிவமைப்பாளர்களுக்கும், அத்துறைக்குள் நுழையும் மாணவர்களுக்கும்,

அளந்து பெற்ற தரவைக் கண்ணைக் கவரும் உருவமாக மாற்றுவதே கலைநயமிக்க எண்ணிம வரைபடத்தின் வேலை. ஆற்றின் போக்கு, கடலின் ஆழம், காற்றின் வேகம், ஊர்களின் மக்கள்தொகை என எதை எடுத்தாலும் அது முதலில் எண்களாகவே கைக்கு வருகிறது. அதைப் படமாக்கும் வழியில் வடிவமைப்பாளர் சிலவற்றை விடுகிறார், சிலவற்றைப் பெரிதாக்குகிறார், சிலவற்றை இடம் மாற்றுகிறார். இந்த உரிமைகளை எடுக்காமல் எந்த வரைபடமும் உருவாவதில்லை. எந்த உரிமையை எதற்காக எடுப்பது, எடுத்ததைப் பார்ப்பவருக்கு எப்படித் தெரிவிப்பது என்ற இரண்டு கேள்விகளைப் பொறுத்தே படைப்பின் தரம் அமைகிறது. ஒரு வரைபடம் உருவாகும் வரிசையிலேயே அந்தக் கேள்விகளை இம்மடல் எடுத்துக்கொள்கிறது.

இத்துறையினர் இன்றும் முன்னுதாரணமாகக் காட்டுவது கணினிக்கு மிகவும் முந்தைய ஒரு படைப்பை. பிரான்சில் பாலங்கள், சாலைகள் துறையின் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற சார்ல் ஜோசஃப் மினார், 1869இல் தம் 88ஆம் வயதில், நெப்போலியனின் 1812 ரஷ்யப் படையெடுப்பை ஒரே படத்தில் அடக்கினார். 4,22,000 வீரர்கள் அகன்ற வெளிர்பழுப்புப் பட்டையாக ரஷ்யாவுக்குள் நுழைகிறார்கள். பட்டையின் ஒரு மில்லிமீட்டர் அகலம் 10,000 பேரைக் குறிக்கிறது. மாஸ்கோவை எட்டும்போது அது 1,00,000 பேராகச் சுருங்கிவிடுகிறது. திரும்பி வரும் படை கறுப்புப் பட்டை; எல்லையை அடையும்போது அதில் மிஞ்சியவர்கள் 10,000 பேர். கறுப்புப் பட்டைக்குக் கீழே, திரும்பும் வழியில் நிலவிய கடுங்குளிர் தனி வரைகோடாகக் காட்டப்பட்டிருக்கிறது. படையின் அளவு, இடம், திசை, நாள், வெப்பநிலை எல்லாம் ஒன்றோடொன்று மோதாமல் ஒரே தாளில் படிக்கக் கிடைக்கின்றன.

மினார் அந்தப் படத்தில் ஒரு பெரிய உரிமையை எடுத்திருக்கிறார். மின்ஸ்க், மொகிலெவ் பக்கமாகத் தனியே அனுப்பப்பட்ட படைப்பிரிவுகள் பின்னர்தான் முதன்மைப் படையோடு சேர்ந்தன. அவற்றைத் தனிக்கிளைகளாக வரைந்தால் பட்டை மெலிந்துகொண்டே போவது தெளிவாகத் தெரியாது. ஆகவே அவை தொடக்கம் முதலே முதன்மைப் படையுடன் சென்றதாக வைத்துக்கொண்டு வரைந்தார். அப்படிச் செய்ததையும், ஏன் செய்தார் என்பதையும், எண்களை எந்த நூல்களிலிருந்து எடுத்தார் என்பதையும் படத்தின் மேலேயே எழுதிவைத்தார். ஐரோப்பாவுக்குப் பருத்தி இறக்குமதியான வழிகளை 1860களில் வரைந்தபோது, தடித்த பட்டைகள் நுழைவதற்காகக் கடற்கரைகளை வளைத்துக் கடலை அகலமாக்கினார். தம் படங்களின் தலைப்பிலேயே அவை தோராயமானவை என்றும் குறிப்பிட்டார். வரைபடக் கலையில் நேர்மை எப்படி இயங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் அரிது.

வேலையின் முதல் படி, படம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறது என்பதை முடிவு செய்வது. மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே, தாளில் பென்சிலால் கிறுக்கிப் பார்க்கும் நிலையிலேயே இது தீர்மானமாகிவிட வேண்டும். அமெரிக்க நிலவியலாளர் ஹெரால்ட் ஃபிஸ்க் 1944இல் அந்நாட்டு ராணுவப் பொறியாளர் படைக்காக வரைந்த மிசிசிப்பி ஆற்று வரைபடங்கள் இதற்கு நல்ல சான்று. ஆறு இன்று எங்கே ஓடுகிறது என்பதோடு, முன்பு எங்கெல்லாம் ஓடியது என்பதே அவருடைய கேள்வி. ஒவ்வொரு பழைய போக்குக்கும் ஒரு நிறம் கொடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தார். நிலவியல் ஆய்வறிக்கையின் இணைப்பாக வந்த அந்தத் தாள்கள் இன்று கலைப்படைப்புகளாகச் சுவர்களில் தொங்குகின்றன.

அதே கேள்வியை எண்ணிமக் காலத்தில் எழுப்பியவர் டேனியல் கோ. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஓடும் வில்லமெட் ஆற்றை அவர் லைடார் தரவிலிருந்து வரைந்தார். விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பும் நேரத்தைக் கொண்டு நிலத்தின் உயரத்தை அளப்பதே லைடார். மரங்களிலும் கட்டடங்களிலும் பட்ட புள்ளிகளை நீக்கிவிட்டால் வெறும் தரை கிடைக்கும். ஆனால் அந்த உயரங்களுக்கு அப்படியே நிறம் கொடுத்தால் ஆறு கீழ்நோக்கிச் சரிவது மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் நிலத்தின் உயரத்திலிருந்து அருகிலுள்ள ஆற்று நீர்மட்டத்தின் உயரத்தைக் கழித்துவிடுகிறார்கள். ஆறு முழுவதும் பூச்சியம் ஆகிறது. கரைநிலம் அதற்கு மேல் எத்தனை அடி என்பது மட்டும் எஞ்சுகிறது. 50 அடி உயர வேறுபாட்டை வெள்ளையிலிருந்து கருநீலம் வரை பரப்பியதும், ஆறு கைவிட்ட பழைய வாய்க்கால்கள் எல்லாம் புகைச்சுருள்களைப் போல மேலெழுந்தன. கேள்வி தெளிவாக இருந்ததால் ஒரே ஒரு கழித்தல் கணக்கு அந்த அழகைக் கொண்டுவந்தது.

அடுத்தது தரவு. இலவசமாகக் கிடைக்கும் தொகுப்புகள் இன்று ஏராளம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் ராடாரால் புவியின் நிலப்பரப்பில் சுமார் 80 விழுக்காட்டின் உயரங்களை அளந்தது. எஸ்.ஆர்.டி.எம். எனப்படும் அந்தத் தொகுப்பு சுமார் 30 மீட்டர் இடைவெளியில் உயரங்களைத் தருகிறது. நேச்சுரல் எர்த் தொகுப்பு கடற்கரை, ஆறு, எல்லை ஆகியவற்றைச் சிறிய அளவை வரைபடங்களுக்கு ஏற்றபடி தருகிறது. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், தன்னார்வலர்கள் வரைந்த சாலைகளையும் கட்டடங்களையும் உலகம் முழுவதற்கும் திரட்டுகிறது.

ஒவ்வொரு தொகுப்புக்கும் அதற்கே உரிய குறை உண்டு. எஸ்.ஆர்.டி.எம். ராடார் அடர்ந்த காட்டில் தரையை எட்டாமல் மரங்களின் மேற்பகுதியை அளந்திருக்கும். செங்குத்தான மலைகளில் அளவீடே கிடைக்காத ஓட்டைகள் இருந்தன. அவை பின்னர் வேறு தரவால் நிரப்பப்பட்டன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கிராமம் வெறுமையாக இருந்தால் அங்கே தெருக்கள் இல்லை என்று பொருளில்லை; வரைய ஆள் வராமல் இருந்திருக்கலாம். தரவைத் திறந்ததும் முதலில் சாதாரணமான படங்களாகப் போட்டுப் பார்த்து, மிகப்பெரிய எண், மிகச்சிறிய எண், விடுபட்ட இடங்கள் ஆகியவற்றைக் கண்டுகொள்வது இதனால்தான் அவசியமாகிறது.

இல்லாத தரவும் படத்தில் உருவம் பெறும். 2010 டிசம்பரில், ஃபேஸ்புக் நிறுவனத்தில் பயிற்சியாளராக இருந்த பால் பட்லர், நட்பு இணைப்புகளில் ஒரு கோடி இணைகளை எடுத்து, நகரங்களுக்கு இடையே வளைகோடுகளாக வரைந்தார். எல்லாக் கோடுகளையும் ஒரே அடர்த்தியில் போட்டபோது படம் வெள்ளைத் திட்டாக நிறைந்துவிட்டது. நகரங்களுக்கு இடையிலான தொலைவையும் நண்பர்களின் எண்ணிக்கையையும் கொண்டு ஒவ்வொரு கோட்டுக்கும் எடை கொடுத்த பிறகுதான் கண்டங்களின் வடிவம் கருநீலப் பின்னணியில் ஒளிர்ந்தது. கடற்கரைக் கோடு ஒன்றுகூட அவர் வரையவில்லை. அந்தப் படத்தில் சீனா ஏறத்தாழ இருண்டு கிடக்கிறது. அங்கே மக்கள் இல்லாததாலோ நட்பு இல்லாததாலோ அல்ல, அந்தச் சேவைக்கு அங்கே தடை இருந்ததால். இதைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டினால் அழகு பொய் சொல்லிவிடும்.

தரவு தயாரானதும் கோட்டுச்சட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புரொஜெக்ஷன் என்று மென்பொருள்கள் சொல்வது இதைத்தான்: உருண்டையான புவியைத் தட்டையான பரப்புக்குக் கொண்டுவரும் கணித முறை. இதில் வடிவம், பரப்பு, தொலைவு, திசை ஆகிய அனைத்தையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது. மெர்கேட்டர் 1569இல் மாலுமிகளுக்காக வகுத்த சட்டம் கோணங்களைக் காப்பாற்றுகிறது, பரப்பை விட்டுக்கொடுக்கிறது. ஆப்பிரிக்காவின் பரப்பு கிரீன்லாந்தைப்போல் சுமார் 14 மடங்கு; மெர்கேட்டர் படத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரிகின்றன. கைப்பேசி வரைபடங்கள் இதன் ஒரு வடிவத்தையே பயன்படுத்துகின்றன. எந்த ஊரைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் செங்கோணத் தெருமுனைகள் செங்கோணமாகவே தெரிவது அதன் பயன்.

தெருவைத் தேடுவதற்கு உதவும் அந்தச் சட்டம் உலக மக்கள்தொகையையோ காடுகளையோ காட்ட உதவாது. பரப்பை ஒப்பிடும் படங்களுக்குச் சமப்பரப்புக் கோட்டுச்சட்டம் தேவை. போயான் ஷாவ்ரிச், டாம் பாட்டர்சன், பெர்ன்ஹார்ட் யென்னி ஆகிய மூவர் 2018இல் உருவாக்கிய ஈக்வல் எர்த் இத்தகையது. நாடுகளின் பரப்பைச் சரியாகக் காட்டுவதோடு, பார்ப்பதற்கும் இதமாக இருக்க வேண்டும் என்பது அதை உருவாக்கியவர்களின் நோக்கம். மென்பொருள் தானாகக் கொடுக்கும் சட்டத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதும் ஒரு தேர்வுதான். யோசிக்காமல் செய்த தேர்வு என்பதே வேறுபாடு.

பிறகு வருவது சுருக்கம். ஆற்றின் எல்லா நெளிவுகளையும், கடற்கரையின் எல்லா மடிப்புகளையும் சிறிய படத்தில் வைத்தால் கோடு மசிந்து அழுக்காகத் தெரியும். எந்தப் புள்ளிகளை நீக்குவது என்பதற்குக் கணித முறைகள் உண்டு. பிரிட்டனின் ஹல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மகேஸ்வரி விசுவலிங்கம், வையட் என்பவருடன் சேர்ந்து 1993இல் வெளியிட்ட முறை இன்று பரவலாகப் பயன்படுகிறது. கோட்டிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் தன் இருபுறத்துப் புள்ளிகளோடு ஒரு முக்கோணத்தை உண்டாக்குகிறது. மிகச்சிறிய பரப்புள்ள முக்கோணத்துக்குரிய புள்ளி முதலில் நீங்கும். மீதியை மறுபடி கணக்கிட்டு, அடுத்த சிறிய முக்கோணம் நீங்கும். கண்ணுக்கு உறைக்காத நெளிவுகள் முதலில் போய், கோட்டின் குணம் கடைசிவரை நிலைக்கிறது. இரண்டு மாவட்டங்களின் பொது எல்லையைத் தனித்தனியே சுருக்கினால் நடுவே இடைவெளி விழும். பொது எல்லையை ஒரே கோடாக வைத்துச் சுருக்கும் மென்பொருள்களைப் பயன்படுத்துவது இதைத் தவிர்க்கும்.

எண்களுக்கு எந்த உருவம் கொடுப்பது என்பது அடுத்த முடிவு. வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கிலும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. ஒரே அளவுகோலின்மேல் உள்ள நிலைகளை ஒப்பிடும்போது மனிதக் கண் மிகக் குறைவாகத் தவறுகிறது. நீளம், கோணம், பரப்பு, நிறச்செறிவு என்று போகப்போகத் தவறு கூடுகிறது. ஆகவே துல்லியம் வேண்டிய இடத்தில் பட்டையும் புள்ளியும், பொதுவான தோற்றம் போதுமான இடத்தில் வட்டமும் நிறமும் பொருந்தும். வட்டங்களில் ஒரு பழைய தவறு அடிக்கடி நேர்கிறது. நான்கு மடங்கு மக்கள்தொகைக்கு ஆரத்தை நான்கு மடங்காக்கினால் பரப்பு 16 மடங்காகிவிடும். ஆரத்தை இரண்டு மடங்காக்குவதே சரி.

மாவட்டம் மாவட்டமாக நிறம் நிரப்பும் படங்களில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46 லட்சத்துக்கும் மேல். அப்போது அதன் பரப்பு 200 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. நீலகிரியின் மக்கள்தொகை சுமார் 7 லட்சம். பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். வரைபடத்தில் கண் முதலில் நீலகிரியின் நிறத்தைப் பார்க்கும்; சென்னையோ ஓரத்தில் ஒரு பொட்டு. இத்தகைய படங்களில் மொத்த எண்ணிக்கைக்கு நிறம் கொடுப்பதைவிட, நூற்றுக்கு எவ்வளவு, சதுர கிலோமீட்டருக்கு எவ்வளவு என்ற விகிதங்களுக்கு நிறம் கொடுப்பதே பொருந்தும். மக்களே முக்கியமானால், பரப்பை மக்கள்தொகைக்கு ஏற்ப ஊதியும் சுருக்கியும் காட்டும் கார்ட்டோகிராம் உண்டு. மைக்கேல் காஸ்ட்னரும் மார்க் நியூமனும் 2004இல் வகுத்த கணித முறையால் இத்தகைய படங்களை, அண்டை எல்லைகள் பிரிந்துவிடாமல், கணினியில் உருவாக்க முடிகிறது. வகுப்புகளைப் பிரிக்கும் இடமும் முக்கியம். ஒரே எண்களைச் சம இடைவெளியில் பிரித்தால் ஒரு படமும், ஒவ்வொரு வகுப்பிலும் சம எண்ணிக்கையில் மாவட்டங்கள் வரும்படி பிரித்தால் வேறொரு படமும் கிடைக்கும். எப்படிப் பிரிக்கப்பட்டது என்பது குறிவிளக்கத்தில் தெரிய வேண்டும்.

நிறத்தில்தான் கலைஞருக்கு ஆசை அதிகம். கட்டுப்பாடும் அங்கேதான் அதிகம் தேவைப்படுகிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிந்தியா புரூவர் உருவாக்கிய கலர்புரூவர் நிறத்தொகுதிகளை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கிறது. குறைவிலிருந்து மிகுதிக்குப் போகும் தரவுக்கு வெளிரிலிருந்து அடர்வுக்குப் போகும் நிறவரிசை. நடுநிலையிலிருந்து இருபக்கமும் விலகும் தரவுக்கு நடுவில் வெளிறி இருமுனையிலும் அடரும் வரிசை. ஒன்றுக்கொன்று மேல் கீழ் இல்லாத வகைகளுக்கு வெவ்வேறு நிறங்கள். வானவில் வரிசை அறிவியல் படங்களில் நெடுங்காலம் கோலோச்சியது. அதில் மஞ்சள் பட்டை மட்டும் பளிச்சென்று துருத்திக்கொண்டு, தரவில் இல்லாத விளிம்பை உண்டாக்கும். இதைத் தவிர்க்க ஸ்டெஃபான் வான் டெர் வால்ட், நத்தானியல் ஸ்மித் ஆகியோர் வடிவமைத்த விரிடிஸ் வரிசை 2015இல் மேட்பிளாட்லிப் மென்பொருளில் இடம்பெற்று, பின்னர் அதன் இயல்பு நிறமாகவே ஆனது. கருஊதாவில் தொடங்கி நீலம், பச்சை வழியாக மஞ்சளில் முடியும் அந்த வரிசையில் வெளிச்சம் சீராகக் கூடுகிறது. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் வரிசை குலையாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள், குறிப்பாக ஆண்களில், கணிசமாக உண்டு. அவ்விரு நிறங்களை எதிரெதிரே வைத்துப் பொருள் சொல்லும் படம் அவர்களுக்குப் பயன்படாது.

நிறத்தோடு ஏற்கெனவே ஒட்டிய பொருளையும் கவனிக்க வேண்டும். பள்ளி அட்லஸ்களில் தாழ்நிலம் பச்சை, உயர்நிலம் பழுப்பு. அந்த வழக்கத்தால் சகாராவின் தாழ்ந்த பகுதிகளும் பச்சையாகி, பாலைவனம் பயிர்நிலம்போலத் தோன்றுகிறது. நேச்சுரல் எர்த் தொகுப்பின் படங்களில் டாம் பாட்டர்சன், வறண்ட தாழ்நிலத்துக்கும் ஈரமான தாழ்நிலத்துக்கும் தனித்தனி நிறவரிசை வைத்து, ஒன்று மற்றொன்றில் கலக்கும்படி அமைத்து இதைச் சீர்செய்தார்.

குறிவிளக்கம் பிரிந்துபோனால் என்ன நேரும் என்பதற்கு இந்தியர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு படம் இருக்கிறது. தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து எடுத்தது என்று ஆண்டுதோறும் கைப்பேசிகளில் சுற்றும் வண்ணமயமான இந்தியப் படம் உண்மையில் ஒரே இரவில் எடுத்ததல்ல. இரவு வெளிச்சம் ஆண்டுகள் போகப்போக எப்படிப் பரவியது என்பதைக் காட்ட அமெரிக்காவின் நோவா அமைப்பைச் சேர்ந்த விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ் செயற்கைக்கோள் தரவுகளை இணைத்து உருவாக்கிய தொகுப்புப் படம் அது. 1992க்கு முன்பே இருந்த வெளிச்சம் வெள்ளை, 1992இல் தோன்றியது நீலம், 1998இல் பச்சை, 2003இல் சிவப்பு. நிறங்களின் பொருள் தனிக் குறிப்பில் இருந்தது. பகிர்ந்தவர்கள் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். குறிவிளக்கத்தைப் படத்துக்கு வெளியே வைக்காமல் படத்துக்குள்ளேயே பொறிக்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

மலைகளை வரைவதில் கைவேலையின் மரபு எண்ணிமக் கலைக்கு நேரடியாக வந்து சேர்ந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் இம்ஹோஃப், வடமேற்கிலிருந்து ஒளி விழுவதாகக் கொண்டு நிழலிடும் முறையைச் செம்மைப்படுத்தினார். வட அரைக்கோளத்தில் வெயில் பெரும்பாலும் தெற்கிலிருந்துதான் வருகிறது. ஆனால் படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒளி விழுந்தால் பலர் கண்ணுக்கு மலை பள்ளமாகவும் பள்ளம் மலையாகவும் தலைகீழாகிவிடும். உயரத் தரவிலிருந்து கணினி நொடியில் நிழலிட்டுத் தருகிறது. எல்லாச் சரிவுகளையும் ஒரே அழுத்தத்தில் தருவதுதான் அதன் குறை. முக்கியமான முகடுகளைத் தூக்கிக் காட்டிச் சில்லறைச் சரிவுகளை மங்கவைப்பது, மலைத்தொடரின் திசைக்கேற்ப ஒளியைச் சற்றுத் திருப்புவது, பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் நிழலை மென்மையாக்குவது எல்லாம் இம்ஹோஃப் கையால் செய்ததைத் திரும்பக் கொண்டுவரும் வழிகள்.

ஆஸ்திரிய ஓவியர் ஹைன்ரிக் பெரான் இன்னும் துணிந்தார். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்காக அவர் தீட்டிய அகலப்படங்களில், தெரிய வேண்டிய முகம் தெரியும்படி மலைகளைத் திருப்பினார், பள்ளத்தாக்குகளை அகலமாக்கினார். அவரே 1977இல் மேரி தார்ப், புரூஸ் ஹீசன் ஆகியோரின் ஆய்வைக் கொண்டு உலகக் கடலடி வரைபடத்தையும் தீட்டினார். கப்பல்கள் சென்ற வழியில் மட்டுமே ஆழ அளவீடுகள் இருந்தன. வழிகளுக்கு இடைப்பட்ட நிலத்தோற்றத்தைத் தார்ப் தம் நிலவியல் அறிவால் நிரப்பினார். துல்லியமான ஆழக்கோட்டு வரைபடங்களை வெளியிட அமெரிக்கக் கடற்படை அனுமதிக்காததால், மலைகளைச் சாய்வாகப் பார்த்ததுபோல் வரையும் முறையை அவரும் ஹீசனும் 1950களில் கையாண்டார்கள். கட்டுப்பாட்டால் பிறந்த அந்த முறை, நடுக்கடல் மலைத்தொடரை எவரும் ஒரே பார்வையில் உணரும்படி செய்தது. கடலடி விரிகிறது என்ற கருத்து ஏற்கப்படுவதற்கு அந்த வரைபடங்களும் காரணமாயின.

தோற்றத்தை முழுக்க மாற்றிக்கொண்டு தரவைத் தொடாமல் விடும் வழியும் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டாமென் நிறுவனம் 2012இல் வெளியிட்ட வாட்டர்கலர் வரைபடங்கள் உலகம் முழுவதையும் நீர்வண்ண ஓவியமாக்கின. உண்மையான தாளில் தூரிகையால் பூசிய நீர்வண்ணப் பரப்புகளை முதலில் ஸ்கேன் செய்தார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து நிலம், நீர், பூங்கா, சாலை ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் அடுக்கின் விளிம்பையும் மங்கலாக்கி, கணித இரைச்சலால் கலைத்து, மீண்டும் கூர்மையாக்கினார்கள். நீர்வண்ணம் காயும்போது ஓரத்தில் கறுத்து நிற்பதைப்போல விளிம்புகளை அடர்த்தியாக்கினார்கள். 2021இல் ஸ்மித்சோனியனின் கூப்பர் ஹியூவிட் அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. நீர்வண்ணத்தைப் பார்க்கும் எவரும் இந்த விளிம்புகளை நம்பி வீட்டுமனை அளக்கப் போவதில்லை. எடுத்த உரிமையை அந்த நடையே அறிவித்துவிடுகிறது.

எடுத்த உரிமையை அறிவிக்க வேண்டும் என்பது அசையும் படங்களுக்கு இன்னும் பொருந்தும். ஃபெர்னாண்டா வியேகாஸ், மார்ட்டின் வாட்டன்பர்க் இருவரும் 2012இல் உருவாக்கிய காற்று வரைபடத்தில் அமெரிக்கா முழுவதும் மெல்லிய வெண்கோடுகள் ஓடிக்கொண்டே இருக்கும். அம்புக்குறிகளைவிட ஓட்டமே திசையையும் வேகத்தையும் எளிதாக உணர்த்துகிறது. அக்கோடுகள் மெய்யான காற்றுத் துகள்களின் பாதை அல்ல. வானிலை முன்கணிப்புத் தரவிலிருந்து வரையப்படும் கற்பனைத் துகள்களின் பாதை. விமானம் ஓட்டவும் படகு செலுத்தவும் காட்டுத்தீயை எதிர்க்கவும் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று படைப்பாளிகளே அருகில் எழுதிவைத்தார்கள்.

பெயர்களை எழுதுவது கடைசி அடுக்கு. தமிழில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். ரோமன் எழுத்து வரைபடங்கள் தலைநகரைப் பெரிய எழுத்தாலும் நீர்நிலையைச் சாய்வெழுத்தாலும் வேறுபடுத்துகின்றன. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு இல்லை. ஆகவே எழுத்தின் தடிமன், அளவு, நிறம் ஆகிய மூன்றைக் கொண்டே மாநிலம், மாவட்டம், ஊர், ஆறு என்ற படிநிலையை உண்டாக்க வேண்டும். கடலின் பெயரை அகலமாகப் பரப்பும்போது முழு எழுத்துகளாகப் பிரிக்க வேண்டும். கொம்போ காலோ புள்ளியோ தனியே போய் நிற்கக் கூடாது. சில இணைய வரைபட மென்பொருள்கள் கணினிக்குறிகளை வந்த வரிசையில் ஒவ்வொன்றாக அடுக்குவதால், எழுத்துக்கு முன்னே வர வேண்டிய கொம்பு பின்னே போய்விடுகிறது. வெளியிடுவதற்கு முன் 'கொடைக்கானல்', 'பெரம்பலூர்', 'மேட்டூர்' போன்ற பெயர்களை இட்டுச் சோதிப்பது நல்லது. தமிழ் ஊர்ப்பெயர்கள் நீளமானவை. திருச்சிராப்பள்ளிக்கும் திருவண்ணாமலைக்கும் இடம் விட்டே மற்றவற்றை அடுக்க வேண்டியிருக்கும். ஊர்ப்புள்ளியின் வலப்பக்க மேற்புறமே பெயருக்கு முதல் இடம் என்று இம்ஹோஃப் வகுத்த முறை தமிழுக்கும் ஒத்துவருகிறது.

எவ்வளவு நீக்கலாம் என்ற கேள்விக்கு எல்லையில் நிற்கும் எடுத்துக்காட்டு, ரீடிங் பல்கலைக்கழகத்தின் காலநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ் 2018இல் வெளியிட்ட வெப்பப் பட்டைகள். ஓர் ஆண்டுக்கு ஒரு செங்குத்துப் பட்டை; பல ஆண்டுச் சராசரிக்குக் கீழே நீலம், மேலே சிவப்பு. அச்சுக்கோடு, எண், எழுத்து எதுவும் கிடையாது. நிறங்கள் கலர்புரூவரிலிருந்து எடுக்கப்பட்டவை. புவி சூடாகிறது என்ற ஒரே செய்தியைப் பார்த்த மாத்திரத்தில் உணர்த்துவதே நோக்கம் என்பதால் அத்தனையையும் நீக்க முடிந்தது. எண்கள் வேண்டுவோருக்கு அளவீடு குறித்த வடிவமும் உடன் தரப்படுகிறது. செய்தி ஒன்றுக்கு மேற்பட்டதாக இருந்தால் இந்த அளவு துறவு பொருந்தாது.

முடிந்த படத்தை வெளியிடுமுன் சில சோதனைகள் உண்டு. கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது, நிறக்குறைபாடு உள்ளவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று மென்பொருளில் காண்பது, உண்மையான அளவில் அச்சிட்டும் கைப்பேசித் திரையில் வைத்தும் படிப்பது, விவரம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து அவர் என்ன புரிந்துகொண்டார் என்று கேட்பது. தரவு தந்தவரைக் குறிப்பிடுவது மரியாதைக்காக மட்டும் அல்ல. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்றவற்றில் அது உரிமத்தின் நிபந்தனை. இந்தியாவில் சட்டமும் குறுக்கிடுகிறது. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தோடு பொருந்தாத இந்திய எல்லையை வெளியிடுவது, 1961ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தத்தின்படி தண்டனைக்குரியது. வெளிநாட்டுத் தொகுப்புகளின் எல்லைக்கோடு பெரும்பாலும் அதனோடு பொருந்துவதில்லை. நேச்சுரல் எர்த், நாடுகளின் பார்வைக்கேற்ற எல்லைக் கோப்புகளையும் தனியே தருகிறது.

இவ்வளவு முடிவுகளுக்கும் மென்பொருள் பொறுப்பேற்காது. பெயர் போட்டுக்கொள்ளும் வடிவமைப்பாளரே பொறுப்பு. ஆகவே தமிழில் வெளிவரும் ஒவ்வொரு வரைபடத்தின் ஓரத்திலும் நான்கு செய்திகள் தமிழிலேயே இடம்பெற வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்: தரவு யாருடையது, எந்த ஆண்டுக்குரியது; எந்தக் கோட்டுச்சட்டம்; நிறங்களும் வகுப்புகளும் எதைக் குறிக்கின்றன; எது விடப்பட்டது, எது மிகைப்படுத்தப்பட்டது. மினார் 1869இல் கையால் எழுதிச் செய்ததைக் கணினியில் செய்ய ஐந்து நிமிடம் போதும். அந்தக் குறிப்பு இருந்தால் எவ்வளவு துணிச்சலான கற்பனையும் ஏற்கத்தக்கது. அது இல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வரைபடம் ஆகாது.